கெல்லரில் நீ விட்டுப்போன சன்னங்கள்

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேர்ணிலிருந்து எடுத்தபோது அம்மா ஃபோனைச் சத்தமாக வைத்து மேசையில் நிறுத்தியிருந்தாள். புதுவீட்டுக் கதை, ட்ராமில் இடம் மாறி இறங்கிய கதை, மாப்பிள்ளை புட்டு அவிக்கப் போய்ச் சட்டியின் அடி பிடித்த கதை எல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "அப்பா, கெல்லரில கிடக்கிற என்ரை சாமானுகளை என்ன செய்யிறது? வித்துப்போடட்டோ, வைச்சிருக்கட்டோ? நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டாய். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். என் ஃபோன் கதை உனக்குத் தெரியும். "சாப்பிட்டியோ", "அங்கை குளிரோ" இரண்டும் முடிந்தால் என் கையிருப்பு முடிந்தது. அதனால் எழுதுகிறேன். அம்மாவும் படிப்பாள், மாப்பிள்ளையும் படிப்பார். இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த வேறு யாராவது எட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ கேட்டது சாமானைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்கு விளங்காமல் இல்லை. துவக்கு உன்னோடு பேர்ணுக்கு வந்து, பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது. நவராத்திரிக்குப் பிறகு நடந்ததிலிருந்து நீ அதை வெளியே எடுக்கவே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். இங்கே எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், கெல்லரில், இருப்பவை துவக்கு ரவை செய்கிற உன் சாமான்கள்: அந்த இரும்புப் பொறி, தராசு, சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதுகள், பிறகு நீயும் நானுமாக இருந்து ரவைகளின் நுனியிலிருந்து கழற்றிய சன்னங்கள். இவற்றை விற்றால் நீ சுடுவதையும் விட்டுவிடுவாய். அப்பாவுக்குப் பயம் என்பதற்காக விடப் பார்க்கிறாய். அந்த முடிவையும் என் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறாய். கெட்டிக்காரிதான்.

என் பயம் உனக்குத் தெரியாதது அல்ல. துவக்குச் சத்தத்துக்குத் தப்பி வந்தவன் நான். அது ஒன்றும் பெரிய புதினம் இல்லை, இங்கே இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப்பேரிடம் அதே கதைதான். பெரியப்பாவின் தொடையிலிருந்து ஆஸ்பத்திரியில் சன்னம் எடுத்தபோது கதவுக்கு வெளியே நின்றவன் நான். சன்னம் கழற்றுவது என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பட்டாளப் பயிற்சிக்குப் போகிற ஒரு பொடியன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பாணும் கடித்தபடி பஸ்ஸில் ஏறினான். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்று, வேலைக்குப் பிந்திப்போய், மேற்பார்வையாளரிடம் பேச்சும் வாங்கினேன். பிந்தியதற்குக் காரணம் சொல்ல என்னிடம் இவர்களுடைய டொச் மொழி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவனுக்கு விளங்கியிராது.

அப்படிப்பட்டவனுடைய பிள்ளை, பள்ளிக்கூடச் சிநேகிதி போகிறாள் என்று சுடும் சங்கத்தின் இளையோர் வகுப்புக்குப் போகக் கேட்டால் எப்படி இருக்கும்? குசினி வாசலில் நின்று நீ கேட்டது நினைவிருக்கிறது. "அப்பா, அங்கை ஆரும் ஆளைச் சுடுறேல்லை. கடதாசியைத்தான் சுடுறது" என்றாய். "துவக்குக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ?" என்றேன் நான். பதினெட்டு வயது வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, வந்த கையோடு போய்ச் சேர்ந்தாய். கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். அம்மாதான் முதலில் உன் பக்கம் சாய்ந்தாள். "பிள்ளை சனிக்கிழமை போயிட்டு வந்தா நல்லா நித்திரை கொள்ளுது, சிரிச்சுக் கதைக்குது. உங்களுக்கு என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டாள். அது உண்மை. சின்னனிலிருந்து ஓரிடத்தில் இருக்கமாட்டாதவள் நீ. காலை ஆட்டுவாய், நகம் கடிப்பாய், ஒரு சோற்றுக் கோப்பையை முடிக்கும் முன் மூன்று தரம் எழும்புவாய். அந்தப் பாயில் படுத்து ஒன்றைக் குறிபார்க்கிற நேரம் மட்டும் உனக்குள் எல்லாம் அடங்குகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

பிறகு நீ ரவையை வீட்டிலேயே செய்யத் தொடங்கினாய். போட்டிக்குச் சங்கத்தில் விற்கிற ரவைதான் சுட வேண்டுமாம். உன்னுடைய சொந்தப் பயிற்சிக்கு, சுட்ட கோதுகளைப் பொறுக்கி வந்து துப்புரவாக்கி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, கோதின் வாயில் புதுச் சன்னம் இறுக்கி நீயே செய்துகொள்வாய். பகல் முழுக்க ஆய்வுகூடத்தில் மற்றவர்களுக்குப் பொய்ப்பல் செய்துவிட்டு வந்து, மாலையில் கெல்லரில் இருந்து இந்த வேலை. அதற்குப் பிறகு நான் கெல்லர் படியே இறங்கவில்லை. அரிசி மூட்டை எடுக்கக்கூட அம்மாவைத்தான் அனுப்பினேன். பாவம், முழங்கால் நோவோடு அவள் ஏறி இறங்கினாள். என் பிடிவாதத்தின் கூலியை அவளுடைய முழங்கால் கொடுத்தது.

போன வருட நவராத்திரி வந்தது. தையில் உனக்குக் கலியாணம் என்று முற்றாகியிருந்தது. விசயதசமி மாலை நான் வழக்கம்போல ஆயுதங்களுக்குப் பூசை வைத்தேன். அம்மாவின் தையல் மெசின், உன் மடிக்கணினி, களஞ்சியத்தில் பெட்டி வெட்டுகிற என் கத்தி, கார்த் திறப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து முடித்தபோது கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. அடுத்த வருடம் இந்தப் பிள்ளை இந்த வீட்டில் இராது என்று அப்போதுதான் நெஞ்சில் இடித்தது. வருடா வருடம் எல்லாருடைய தொழிலுக்கும் பொட்டு வைத்திருக்கிறேன், நீ ஆசைப்பட்டுச் செய்கிற ஒன்றுக்கு மட்டும் வைத்ததில்லை. கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கெல்லருக்கு இறங்கினேன். நீ பின்னால் ஓடி வந்தாய். பொறிக்கு வைத்தேன், சாமான் பெட்டிக்கு வைத்தேன். தராசைக் கண்டதும், தராசு அல்லவா, அதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்று தட்டின் விளிம்பில் கொழுத்ததாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். உன் கண் கலங்கியது. நான் காணாதது போலத் தராசைப் பார்த்தேன்.

"இண்டைக்குத் தொட்ட வேலை துலங்கும், பூசை முடிஞ்ச கையோட கொஞ்சம் செய் பிள்ளை" என்று சொன்னதும் நான்தான். ஏடு தொடக்குகிற நாள், எந்தக் கருவிக்குப் பூசை வைத்தோமோ அதைத் தொட்டு வேலை தொடங்குகிற நாள். நீ உடனே இருந்துவிட்டாய். தராசின் திருகைத் திருப்பி, முள்ளைச் சரியான கோட்டுக்குக் கொண்டுவந்தாய். வழக்கமாக நடுவில் ஒருக்கால் முள்ளைச் சரிபார்ப்பாயாம். அன்று பார்க்கவில்லை, ஏனென்றால் அன்று உன் அப்பா பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இது என்ன, அது என்ன, இது ஏன் பித்தளை, அது ஏன் செம்பு? நீ ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விளங்கப்படுத்தினாய். அவ்வளவு சந்தோசமாக நீ என்னோடு கதைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. நானும் விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்து அன்று கேட்டுத் தள்ளினேன்.

அந்தச் சனிக்கிழமை, "நானும் வாறன்" என்றேன். நீ நம்பவில்லை. காரில் போகும் வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். சுடும் இடத்தில் காதுக்கு ஒரு பெரிய மூடி தந்தாய். மூடியும் முதற் சத்தத்துக்கு என் உடம்பு தானாகக் குனிந்தது. இரண்டாம் சத்தத்துக்கும் குனிந்தது. பிறகு குனியவில்லை. நீ பாயில் குப்புறப் படுத்திருந்தாய். உன் கால்கள் ஆடவில்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் புள்ளிகள் நடுவுக்குக் கிட்டக் கிட்ட விழுந்தன. பின்னால் நின்ற இரண்டு பேர் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. பயந்த மனிதனுக்கும் பெருமை வரத்தான் செய்கிறது.

அப்போதுதான், சுட்ட கோதை வெளியே எடுக்கத் துவக்கின் பூட்டை இழுத்த உன் கை நின்றது, பூட்டு இறுகியிருந்தது. மறுபடி இழுத்தாய், திறந்தது. அடுத்த பாயில் படுத்திருந்தவர் தன் காதுமூடியைத் தூக்கி, "குளிர்தானே, எண்ணெய் இறுகியிருக்கும். நல்லாப் போகுது, சுட்டு முடி" என்ற மாதிரிச் சொன்னார். நீ தலையை ஆட்டினாய். அந்தக் கோதின் அடியைத் திருப்பிப் பார்த்தாய், விரலால் தடவினாய், துவக்கைத் திறந்தபடி கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாய். மேற்பார்வை செய்கிற ரூடி வந்தார். "என்ரை ரவையில எனக்குச் சந்தேகம். இண்டைக்கு நிப்பாட்டுறன்" என்று அவர்களுடைய டொச்சில் சொன்னாய். அவர் கோதை வாங்கிப் பார்த்து, "ரேஹ்ட் ஹெஷ்" என்றார். நீ செய்தது சரி என்று. எழும்பிச் சாமானை அடுக்கினாய். வீட்டுக்கு வரும்வரை, என் கண்தான் பட்டுவிட்டது, முதன்முதலாகப் போய் நின்று பிள்ளையின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னேன். உனக்கு அல்ல, எனக்கு.

மிச்ச ரவை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றாய். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஆணி அடித்தாலே அயலட்டை கதவைத் தட்டும், ஆகவே திங்கள் வேலை விட்டு வந்து இறங்கினோம். சுத்தியல் போல ஒரு பிளாஸ்டிக் சாமான் வைத்திருந்தாய். தலைக்குள் ரவையைச் செருகி இறுக்கி, மரக்கட்டையில் ஓங்கிப் போட்டால் கோதின் பிடியிலிருந்து சன்னம் கழன்று முன்னால் விழும், மருந்தும் கூடவே கொட்டும். அது வெடிக்காதோ என்று நான் கேட்டேன். "பொறுமையாச் செய்தா ஒண்டும் இல்லை அப்பா, கண்ணாடியைப் போடுங்கோ" என்று ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினாய். முதல் தரம் நான் போட்ட போடு கட்டைக்கே நொந்திராது. "அப்பா, பிள்ளையைத் தட்டி நித்திரையாக்கிறியளோ?" என்றாய். பிறகு பழகிவிட்டது. மேல்மாடியில் இருக்கிற வெள்ளைக்கார ஃபிராவ் தோய்த்த உடுப்புக் கூடையோடு எட்டிப் பார்த்து, கறித்தூள் இடிக்கிறீர்களா, வாசம் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டாள். நான் "யா, யா" என்றேன். நீ சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்தாய்.

கொட்டிய மருந்தை நிறுத்துப் பார்க்கத் தராசை இழுத்தாய். முள் கோட்டில் நிற்கவில்லை. திருகைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். தட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தாய். விளிம்பில் என் பொட்டு காய்ந்து வெடித்து, ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்த உடனேயே நீ விளங்கிக்கொண்டாய். எனக்கு நீ சொல்லித்தான் விளங்கியது. நீ முள்ளைச் சரிசெய்தபோது சந்தனம் ஈரம். பக்கத்து அறையில் உடுப்புக் காயவைக்கிற இயந்திரத்தின் சூட்டுக் காற்று எங்கள் கெல்லருக்குள்ளும் வரும். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க இருக்கச் சந்தனம் காய்ந்தது, தட்டின் பாரம் குறைந்தது, குறைந்த அளவுக்கு ஒவ்வொரு ரவைக்குள்ளும் மருந்து கூடிக்கொண்டே போனது. தட்டைத் துடைத்து, முள்ளை மறுபடி சரிசெய்து நிறுத்துப் பார்த்தாய். பின்னால் செய்த ரவைகளில் மருந்து கூடத்தான் இருந்தது, அதனால்தான் கோதின் அடி தட்டையாகிப் பூட்டும் இறுகியது என்றாய். "இன்னும் கொஞ்சம் சுட்டிருந்தா?" என்று கேட்டேன். "சில நேரம் ஒண்டும் நடந்திராது" என்றாய். "சில நேரம்?" என்றேன். துவக்கின் பூட்டு உன் கன்னத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று நான் சனிக்கிழமைதான் பார்த்திருந்தேன்.

என் கையால், வாழ்த்தாக, சாமியை நினைத்து வைத்த பொட்டு. உன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன, கன்னம் இருந்தது, மூக்கில் ஒரு கரிக்கோடு இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. பிள்ளை, அந்த நிமிசம் எனக்கு வந்தது பயம் இல்லை. பயப்பட வேண்டியது நடக்காமலே முடிந்துபோயிருந்தது. நீ முன்னால் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். நான் வாய்விட்டு அழுதேன், கூச்சப்படாமல் அழுதேன். ஃபிராவ் மறுபடி எட்டிப் பார்த்தாள். கறித்தூள்தான் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"நீங்கள் இல்லை அப்பா, நான்தான் பிழை. துடைச்சுப்போட்டுத்தான் தொடங்கியிருக்க வேணும். அது முதற் பாடம்" என்றாய்.

"பின்னை ஏன் துடைக்கேல்லை?"

"நீங்கள் முதல் முதலா வைச்ச பொட்டு. எப்பிடித் துடைக்கிறது?"

அதற்குள் அம்மா எங்களைக் காணவில்லை என்று படி இறங்கி வந்துவிட்டாள். விசயத்தைக் கேட்டதும் முதலில் உன்னைக் கட்டிப்பிடித்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, பொட்டெண்டா ஒரு பொட்டு வைக்கிறது. சுவருக்குச் சாந்து பூசினமாதிரி அப்பினா தராசு என்ன செய்யும்?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இலேசாகிறது.

கலியாணம் கட்டிப் போயிருக்கிறாய், அப்பன் என்று ஒரு புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? இதுதான் அந்தப் புத்தி. அன்பாக வைத்தது என்பதற்காக ஒன்றைத் துடைக்காமல் விடாதே. உன் அம்மா இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில், நான் ஆசைப்பட்டு அவளுக்கு ஒரு தோற் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். அளவு சின்னன். நான் வாங்கித் தந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க அதைப் போட்டாள். கால்விரல் நகம் கறுத்துக் கழன்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு வந்த கோபமும் வெட்கமும் கொஞ்சமல்ல. சப்பாத்தை மாற்ற ஒரு நிமிசம், கடைக்காரன் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்திருப்பான். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளோடு வாழ்வதில் இது ஒரு கரைச்சல், மனம் நோகுமே என்று ஒன்றையும் சொல்லமாட்டோம். சொல்லு. மாமி சட்டி நிறையக் கறி தந்து உறைப்புத் தாங்காவிட்டால் அதையும் சொல்லு. மனம் நொந்தால் ஒரு கிழமையில் மாறும்.

கழற்றி முடிந்த பிறகு நீ செய்த வேலையையும் நான் மறக்கவில்லை. மருந்தெல்லாம் ஒரு கிண்ணத்தில் குவிந்திருந்தது. நல்ல மருந்துதானே, திரும்பப் போத்தலுக்குள் கொட்டன் என்றேன். ஒரு பருக்கை சோறு வீணாக்காத வளர்ப்பு எனக்கு. நீ மாட்டேன் என்றாய். "கொட்டினது, கலந்தது, தூசி பட்டது. இனி இதை நம்பேலாது" என்று சொல்லி, சங்கத்தில் பாதுகாப்பாக அழிப்பார்கள் என்று புறம்பாக எடுத்து வைத்தாய். சன்னங்களை மட்டும் ஒரு துணியில் பரப்பி ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாய். நுனி நசுங்காமல் இருக்க அந்தச் சுத்தியலின் தலைக்குள் காதில் வைக்கிற பஞ்சு ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தாய். கீறல் விழுந்தவை ஒரு பக்கம், நல்லவை ஒரு பக்கம். "இதுகளில பிழை ஒண்டும் இல்லை அப்பா. திரும்பப் பாவிக்கலாம்" என்று ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாய். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சன்னத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். இரத்தம் இல்லாமல், சுத்தமாக, உன் கைச்சூட்டோடு இருந்தது.

அப்போதுதான் மேசையைத் துடைத்துக்கொண்டே, என் முகம் பார்க்காமல் கேட்டாய். "அப்பா, நான் இதை விட்டிடட்டோ?"

எத்தனை கோயிலில் நான் கேட்ட வரம் அது என்று உனக்குத் தெரியாது. நீ அந்தச் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவன் நான். வரம் கையில் வந்து விழுந்திருக்கிறது, "ஓம்" என்றால் போதும். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே அப்போது தெரியவில்லை. "மேலை போவம், தேத்தண்ணி ஆறப்போகுது" என்று சொல்லிவிட்டேன். பிறகு கலியாண வேலை, மண்டபம், சாப்பாடு, வந்தவர் போனவர் என்று நாட்கள் ஓடிவிட்டன. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மௌனத்தை நீ "ஓம்" என்று எடுத்துக்கொண்டாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

பதில் இதுதான். விற்காதே. சனிக்கிழமை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். பொறி நல்ல பாரம், மாப்பிள்ளையைக் கீழே வந்து ஒரு கை கொடுக்கச் சொல். சன்னங்களைத் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டது, பேர்ணிலும் சங்கங்கள் திறந்திருக்கும். போய்ச் சேர். அந்தச் சன்னங்களைத் திரும்பப் போட்டு ரவை செய்து சுடு.

பயம் போய்விட்டதா என்று கேட்பாய். முழுதாகப் போகவில்லை, அது என்னோடு வயதாகிப்போன பயம். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். என் இளமையில் பல விதமான ஆட்களின் கையில் துவக்குக் கண்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் நின்றவர்கள், வீட்டுக்குள் வந்தவர்கள், சந்தியில் மறித்தவர்கள். அவர்களில் ஒருவருக்காவது ஒருநாளாவது தன்மேல் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் எல்லாம் நிச்சயமாக இருந்தது. அந்த நிச்சயத்தில்தான் தொடையில் சன்னம் ஏறிப் பெரியப்பாவின் கால் போனது. அன்று சனிக்கிழமை நீ பாயில் படுத்திருந்தாய். புள்ளிகள் நன்றாக விழுந்துகொண்டிருந்தன, பக்கத்தில் இருந்தவர் சுடச் சொன்னார், உன் அப்பன் முதன்முதலாக வந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவும் இருக்க, ஒரு சின்னச் சந்தேகத்துக்காக நீ துவக்கைக் கீழே வைத்தாய். ஒருவரும் உன்னை வைக்கச் சொல்லவில்லை.

பிள்ளை, கையில் இருந்த துவக்கைத் தானாகக் கீழே வைத்த ஒரு மனிதரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அது என் மகளாக இருந்தது.

அப்பா